தர்மபுரி வெயிலுக்கும் ஓசூர் குளிருக்கும் பூ-ஆம்பர் சென்ட்: எதை வாங்கலாம்?

பூவும் ஆம்பரும் சேர்ந்த ஒரு நல்ல சென்ட் வாங்க நினைக்கும் பெண்ணுக்கு இன்று நாலு வழி இருக்கிறது. பெங்களூரு மாலில் விற்கும் பிரெஞ்சு பாட்டில். ஓசூரில் கடிகாரம் செய்யும் டைட்டன் 2013-ல் கொண்டுவந்த ஸ்கின் போன்ற இந்திய பிராண்டு. அஜ்மல், லட்டாஃபா, அர்மாஃப் வகையறா வளைகுடாச் சரக்கு. கடைசியாக, பள்ளிவாசல் பக்கம் சின்னக் குப்பியில் கிடைக்கும் அத்தர். விலையில் இவற்றுக்குள் பத்து மடங்கு வரை வித்தியாசம் உண்டு. ஆனால் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. எந்த ஊரில் அடிக்கப் போகிறீர்கள்? தலையில் என்ன பூ வைக்கிறீர்கள்? இந்த இரண்டையும் கேட்காமல் தரும் பரிந்துரை பாரிசுக்குச் சரி, பாலக்கோட்டுக்கு உதவாது.

ஆம்பர் என்பது வாசனைத் தொழிலில் ஒரு கலவை. மத்தியதரைக் கடலோரம் வளரும் சிஸ்டஸ் புதரிலிருந்து எடுக்கும் லாப்டனம் பிசின், சாம்பிராணி, வனிலா ஆகிய மூன்றும்தான் அதன் அடிப்படை. லாப்டனத்தில் தோலும் தேனும் கலந்த ஒரு கனம் இருக்கும். சாம்பிராணியை விளக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுப் புகை காட்டிய கூந்தலை நினைத்தால் போதும். வனிலா இந்த இரண்டையும் மழுக்கி இனிப்பாக்கும். இந்தக் கலவையை உலகுக்கு நிலைநிறுத்தியது 1925-ல் ஜாக் கெர்லான் செய்த ஷாலிமார். அதன்மேல் மல்லி, ரோஜா, ஆரஞ்சுப்பூ, சம்பங்கி என்று பூவைத் தூக்கலாக வைத்தால் பூ-ஆம்பர். 1984-ல் வந்த ஷனேல் கோகோ, குண்டுமல்லியை நடுவில் வைத்து 2005-ல் வந்த முக்ளர் ஏலியன், குங்குமப்பூவும் மல்லியும் சர்க்கரைப்பாகு மாதிரி ஆம்பரும் சேர்ந்த 2015-ன் பக்காரா ரூஜ் 540 என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு முகம் உண்டு. பழைய பெட்டியிலோ பட்டியலிலோ ‘ஓரியண்டல்’ என்று போட்டிருந்தால் அதே குடும்பம்தான். வாசனைகளை வகைபிரித்து நூல் வெளியிடும் மைக்கேல் எட்வர்ட்ஸ் 2021-ல்தான் அதை ‘ஆம்பர்’ என்று மாற்றினார்.

ஆக, மல்லிப்பூ, சாம்பிராணி, சந்தனம் மூன்றும் புழங்கும் வீட்டில் வளர்ந்த மூக்குக்கு இந்த வாசனை அந்நியம் இல்லை. சிக்கல் அதிலிருந்தே தொடங்குகிறது. பாட்டிலில் இருப்பதில் பாதி ஏற்கெனவே உங்கள் தலையில் இருக்கிறது.

குண்டுமல்லி மொட்டாகத் தொடுக்கப்பட்டு, மாலையில் தலையில் விரியும்போது அதன் வாசம் உச்சத்தில் இருக்கும். அந்த வாசத்துக்குள் இண்டோல் என்ற ஒரு பொருள் இருக்கிறது. கொஞ்சமாக இருக்கும்வரை அதுதான் பூவுக்கு உயிர். கூடிவிட்டால் பாச்சை உருண்டை வாடை. பூ வாடி ஓரம் பழுப்பாகும்போது இந்த வாடைதான் முன்னே வரும். மல்லியை மையமாக வைத்த ஒரு சென்ட்டை அடித்து, அதன்மேல் மூணு முழம் குண்டுமல்லியும் வைத்து, மண்டபத்து வெக்கையில் நாலு மணிநேரம் உட்கார்ந்தால் இரண்டு இண்டோலும் சேர்ந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவருக்குத் தலை வலிக்கும். சென்ட் மட்டம் என்று அந்த பாட்டிலைத் திட்டுவார்கள். தப்பு பாட்டிலில் இல்லை, சேர்க்கையில்.

அதனால் பூ வைக்கிற நாளுக்கும் வைக்காத நாளுக்கும் தேர்வு வேறு. குண்டுமல்லி, சன்னமல்லி, ஜாதிமல்லி வைக்கிற நாளில் ரோஜாவோ ஆரஞ்சுப்பூவோ முன்னிற்கும் ஆம்பர் நல்லது. பூவே குறைந்து சாம்பிராணியும் சந்தனமும் முன்னிற்பது இன்னும் நல்லது. தலையில் இருக்கும் மல்லி சென்ட்டின் பூப்பாதியைத் தானே பூர்த்தி செய்துவிடும். கனகாம்பரத்துக்கு வாசம் கிடையாது, ஆகவே அன்றைக்கு மல்லி-ஆம்பரைத் தாராளமாக அடிக்கலாம். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்ந்து வரும் நீளக்காம்பு ரோஜாவும் பெரும்பாலும் வாசம் இல்லாததுதான். எதோடும் சண்டை போடாது. சாமந்திதான் கஷ்டம். அதன் கசப்பான இலைவாசம் வனிலா இனிப்போடு ஒட்டவே ஒட்டாது.

அடுத்தது ஊர். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற இந்த இரண்டு மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு பருவம் இருக்கிறது. சித்திரையில் தர்மபுரி, அரூர், காவேரிப்பட்டணம் பக்கம் மதியம் வெளியே கால் வைக்க முடியாது. சுமார் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஓசூரிலும் தளியிலும் அதே நாள் மாலை காற்று குளிர்ந்துவிடும். மார்கழிக் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. வெயிலில் தோல் சூடாக இருப்பதால் முதலில் எழும் எலுமிச்சை, அதே இனத்துப் பெர்கமாட் வாசமெல்லாம் ஐந்தே நிமிடத்தில் பறந்துவிடும். ஆம்பரின் இனிப்பு ஒரேயடியாகப் பொங்கி எழும். கடையின் ஏசியில் மென்மையாக இருந்த வனிலா, பேருந்து நிலையத்தில் நிற்கும்போது பிசுபிசுக்கும். குளிரில் நேர்மாறு. முதல் அரைமணி நேரம் ஒன்றுமே வராத மாதிரி இருக்கும், பிறகு உடம்புச் சூட்டில் மெல்ல விரிந்து மாலைவரை நிற்கும்.

எனவே தர்மபுரி பக்கத்துக்கு வனிலா குறைந்த, மரவாசம் கூடிய, ரோஜாவோ ஆரஞ்சுப்பூவோ வைத்த ஆம்பர். ஒரே சென்ட் ஓ த ட்வாலெட், ஓ த பார்ஃபம் என்று இரண்டு செறிவில் வந்தால் முன்னதை எடுங்கள். முதலாவதில் வாசனை எண்ணெய் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம், இரண்டாவதில் 15 முதல் 20. அளவு மட்டும் இல்லை, பல நிறுவனங்கள் முதலாவதில் கடைசிவரை நிற்கும் அடிவாசத்தைக் குறைத்து, முதலில் எழும் மேல்வாசத்தைக் கூட்டியே செய்கின்றன. வெயிலுக்கு அது தோது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்கள் சாம்பிராணி வனிலா நிறைந்த ஓ த பார்ஃபமைத் தயங்காமல் வாங்கலாம். ஷாலிமார், ஏலியன் போன்ற கனமான வாசனைகள் அந்தக் காற்றில்தான் தங்கள் முழு அழகைக் காட்டும்.

இனி சோதிப்பது எப்படி என்று பார்ப்போம். இதில்தான் முக்கால்வாசிப் பணம் வீணாகிறது. கடையில் காகித ஸ்ட்ரிப்பில் அடித்து உடனே மோந்து பார்த்து பில் போடுவது வழக்கமாகிவிட்டது. முதல் அரை நிமிடம் மூக்குக்கு வருவது ஆல்கஹால். அடுத்த கால்மணி நேரம் வருவது மேல்வாசம், அதாவது விற்பதற்காக வைத்த வாசம். பூ விரிவது அதற்குப் பிறகு. ஆம்பர் முழுசாக வருவது மூன்றாவது நாலாவது மணியில். நீங்கள் நாள் முழுக்கச் சுமக்கப்போவது அதைத்தான், ஆகவே தீர்ப்பும் அப்போதுதான்.

ஸ்ட்ரிப்பில் மூன்றுக்கு மேல் பார்க்காதீர்கள். நாலாவதுக்கு மூக்கு ஒத்துழைக்காது. பிடித்த இரண்டை மட்டும் தோலில், வலது முழங்கை உள்மடிப்பில் ஒன்று, இடதில் ஒன்று. ஒரு சாண் தூரத்திலிருந்து ஒரே ஒரு ஸ்ப்ரே. இரண்டு கையையும் சேர்த்துத் தேய்க்கக் கூடாது; சூட்டில் மேல்வாசம் சீக்கிரம் ஓடிவிடும். அன்றைக்கு வாசனைச் சோப்பு, வாசனை எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். சந்தன சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு சென்ட்டில் சந்தனம் இருக்கிறதா என்று தேடினால் எப்போதும் இருக்கும். கடையில் காபிக்கொட்டைக் கிண்ணத்தை நீட்டினால் வாங்கி மோந்து பார்ப்பதால் நஷ்டம் இல்லை, பெரிய பலனும் இல்லை. வெளியே வந்து இரண்டு நிமிடம் நல்ல காற்றில் நில்லுங்கள், அல்லது உங்கள் சேலை முந்தானையையே மோந்து பாருங்கள்.

பிறகு பத்து நிமிடத்தில் ஒருமுறை, ஒரு மணியில் ஒருமுறை, நாலு மணியில் ஒருமுறை, படுக்கப் போகும்போது ஒருமுறை பார்க்க வேண்டும். நாலாவது மணியில் மூன்று கேள்வி. ஆம்பருக்குள் பூ இன்னும் உயிரோடு இருக்கிறதா, இல்லை வெறும் வனிலாதான் மிச்சமா? இனிப்பு காற்றோட்டமாக இருக்கிறதா, தொண்டையில் ஒட்டுகிறதா? மூக்கின் மேல்பக்கம் ஸ்பிரிட் மாதிரி ஒரு கூர் குத்துகிறதா? இந்த மூன்றாவது மலிவான சரக்கில் அடிக்கடி வரும். நீடிப்புக்காக மரவாச ஆம்பர் ரசாயனங்களை அளவுக்கு மீறிப் போடுவதால் வருவது அது. எட்டு மணிநேரம் நிற்கும், உண்மை. ஆனால் எட்டு மணிநேரமும் குத்தும். நளினமான ஆம்பர் என்று சொல்லத் தகுந்தது, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு எப்போது போனது என்று தெரியாமல் போகிற ஒன்று.

இதில் உங்கள் மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். அம்ப்ராக்சான் என்ற வாசனை ரசாயனம், சில கஸ்தூரி வகை மூலக்கூறுகள் பலருக்கு மங்கலாகத்தான் தெரியும். தெரிந்தாலும் அரைமணியில் மூக்கு பழகிவிடும். பக்காரா ரூஜ் 540-ம் அதன் நூற்றுக்கணக்கான சாயல்களும் இதற்கு நல்ல உதாரணம். அடித்தவர் போய்விட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு அடிப்பார், அறை முழுக்க ஏற்கெனவே அதுதான் இருக்கும். வீட்டில் தங்கையையோ நாத்தனாரையோ மூன்றடி தள்ளி நிற்கவைத்து, இருக்கிறதா, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதுதான் ஊருக்கும் தெரியப்போவது. முடிந்தால் இந்தச் சோதனையைத் தலையில் பூ வைத்த நாளில் இன்னொரு முறை செய்யுங்கள்.

நாலு வழிக்கும் இப்போது வரலாம்.

பிரெஞ்சு பாட்டிலின் பலம் நாலாவது மணிதான். பூவும் பிசினும் பிரியாமல் இறங்குவது இவற்றில் நன்றாக அமைகிறது. பணம் பெருசு. 50 மி.லி. பாட்டில் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்ப்ரே ஏறக்குறைய 0.1 மி.லி., ஆக 500 ஸ்ப்ரே. ஒன்றுக்கு 20 ரூபாய். தினமும் நாலு அடித்தால் நாலே மாதம். விசேஷத்துக்கு மட்டும் மூன்று அடித்தால் பல வருடம். எனவே இது தினப்படி ஆபீசுக்கான பொருள் இல்லை. முழு பாட்டிலுக்கு முன்னால் 5 அல்லது 10 மி.லி. டிகான்ட், அதாவது பெரிய பாட்டிலிலிருந்து சின்னக் குப்பிக்கு மாற்றி விற்பது, வாங்கி ஒரு மாதம் பயன்படுத்திப் பார்ப்பது கட்டாயம். ஊர் வெயிலில் பிடிக்காமல் போனால் நஷ்டம் ஆயிரம் இரண்டாயிரத்தோடு நிற்கும்.

இந்திய பிராண்டு பாட்டில் 100 மி.லி. 2,000 ரூபாய் என்றால் ஸ்ப்ரே இரண்டு ரூபாய். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு, பள்ளி ஆசிரியைக்கு, வங்கியில் உட்காருபவருக்கு இதுதான் சரியான தேர்வு. வாசனை வீசும் தூரம் குறைவு என்று இவற்றைக் குறை சொல்வார்கள். கண்ணாடி அடைத்த பஸ்ஸில் ஐம்பது பேரோடு ஒன்றரை மணிநேரம் போகும்போது அந்தக் குறைவுதான் மரியாதை. ஆம்பர் கொஞ்சம் மெலிந்திருக்கும், நாலு ஐந்து மணிக்குள் தோலோடு ஒட்டிப்போகும். மதியம் ஒரு ஸ்ப்ரே போட்டுக்கொண்டால் முடிந்தது.

வளைகுடா பாட்டில்களை அவசரப்பட்டு ஒதுக்க வேண்டாம், அவசரப்பட்டு வாங்கவும் வேண்டாம். ஆம்பர், ஊது என்ற அகில், ரோஜா மூன்றும் அவர்கள் தினசரி புழங்கும் சாமான். 1951-லிருந்து தொழிலில் இருக்கும் அஜ்மல் போன்றவர்களுக்கு அதில் கைப்பக்குவம் உண்டு. அவர்கள் சொந்தமாக வடிவமைத்த ரோஜா-ஆம்பர்கள் நன்றாகவே இருக்கின்றன. புகழ்பெற்ற பிரெஞ்சு வாசனையின் சாயலில் செய்தவற்றில்தான் கவனம் வேண்டும். முதல் ஒரு மணி அச்சு அசலாக இருக்கும், நாலாவது மணியில் மேலே சொன்ன கூர் வந்துவிடும். வாங்கினால் தர்மபுரி வெயிலில் ஒன்றே ஒன்று, ஓசூரில் இரண்டு. மூன்றாவது வேண்டாம்.

அத்தரில் ஆல்கஹால் இல்லை, எண்ணெய். தூரத்துக்கு வீசாது, கிட்டே வந்தால்தான் தெரியும். எங்கள் கணக்கில் வெயில் ஊருக்கு மிகவும் ஏற்ற வடிவம் இதுதான், ஏனென்றால் சூட்டில் ஒரேயடியாகப் பொங்காமல் நிதானமாக இறங்குகிறது. 3, 6, 12 மி.லி. அளவுகளில் வரும், 12 மி.லி. குப்பியைத்தான் ஒரு தோலா என்பார்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் குண்டுமல்லியைச் சந்தன எண்ணெயில் இறக்கி வடிக்கும் அத்தரை மோத்தியா என்பார்கள். அதை ஒரு சொட்டு, ஆம்பர் அத்தர் ஒரு சொட்டு, இரண்டையும் மணிக்கட்டில் அடுத்தடுத்து வைத்தால் உங்கள் சொந்தப் பூ-ஆம்பர் தயார். ஆம்பரை முதலில், மல்லியை அதன்மேல். ஆனால் நல்ல சந்தன எண்ணெய் கிலோ லட்சத்தைத் தாண்டும் பொருள். 6 மி.லி. இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘சுத்த சந்தன’ அத்தர் செயற்கை வாசனையை மலிவான கரைப்பானில் கலந்தது என்று தெரிந்தே வாங்குங்கள். அதிலும் நல்ல வாசம் கிடைக்கலாம். சுத்தம் என்ற சொல்லுக்குக் கூடுதல் பணம் மட்டும் கொடுக்காதீர்கள்.

பட்டுச் சேலைக்கு இந்த நாலில் எதுவுமே நேரடியாகப் படக்கூடாது. ஆல்கஹால் சொட்டினால் வளையமாகத் தடம் விழும். வனிலா நிறைந்த சென்ட்டுக்கே பழுப்பு நிறம் உண்டு, வெளிர்நிறப் பட்டில் மஞ்சளாகத் தெரியும். அத்தர் எண்ணெய்க்கறை துவைத்தாலும் போகாது. வெள்ளி ஜரிகை கறுக்கவும் வாய்ப்பிருக்கிறது. கவரிங் நகையின் முலாம் மங்கும், முத்துக்கு ஆல்கஹால் ஆகாது. சரியான இடம் பருத்தி உள்பாவாடையின் முன்பக்கம். கொசுவம் செருகும் இடத்துக்கு ஒரு சாண் கீழே ஒரு ஸ்ப்ரே. சேலை கட்டுவதற்கு முன் அடித்துப் பத்து நிமிடம் காயவிட வேண்டும். உடம்புச் சூட்டில் வாசம் மடிப்புக்குள்ளிருந்து மேலே ஏறும், நடக்கும்போது மட்டும் வெளியே வரும். இன்னொரு ஸ்ப்ரே பின்கழுத்துக்குக் கீழே, முதுகில். வெயிலில் நிற்கப்போகிற நாளில் கழுத்தின் முன்பக்கம் வேண்டாம். பெர்கமாட் எண்ணெய் உள்ள சில சென்ட்டுகள் வெயில் பட்டுத் தோலில் கறுப்புத் திட்டு விழவைக்கும்.

முகூர்த்தத்துக்கு நேரக் கணக்கு முக்கியம். மண்டபத்துக்குள் நுழையும்போது ஆம்பர் அடங்கியிருக்க வேண்டும், அதனால் கிளம்புவதற்கு முக்கால் மணிநேரம் முன்பே அடித்துவிடுங்கள். குளித்ததும் தோல் வறண்டிருந்தால் வாசனையில்லாத வாசலைன் ஒரு மெல்லிய பூச்சு. ஈரத்தோலில் வாசம் கூடுதல் நேரம் தங்கும். பிறகு சென்ட், அதற்கப்புறம் நகை, கடைசியில் பூ. தையில் ஓசூரில் கல்யாணம் என்றால் மூன்று ஸ்ப்ரே தாங்கும். வைகாசியில் தர்மபுரியில் என்றால் இரண்டு, அதுவும் துணிக்கு உள்ளே மட்டும்.

போலியைப் பற்றி: ‘டெஸ்டர் பீஸ்’, ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று பாதி விலைக்கு வருவதில் பிரெஞ்சுப் பெயர்கள்தான் அதிகம். பெட்டி அடியில் இருக்கும் பேட்ச் எண்ணும் பாட்டில் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இறக்குமதி செய்தவரின் முகவரி, எம்ஆர்பி, தயாரித்த மாதம் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்ப்ரே மெல்லிய மூட்டமாக வராமல் தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரி வந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒரே ஒரு பாட்டிலுக்குத்தான் பணம் என்றால்: ஓசூர், தளி பக்கம் இருப்பவர் சாம்பிராணி தூக்கலான ஓ த பார்ஃபம் ஒன்றை, பிரெஞ்சோ வளைகுடாவோ, டிகான்ட்டில் சோதித்து வாங்கட்டும். தர்மபுரி, அரூர், காவேரிப்பட்டணத்தில் தினமும் மல்லி வைப்பவருக்கு பாட்டிலே வேண்டாம். ரோஜா-ஆம்பர் அத்தர் 6 மி.லி. போதும். பூ வைக்காமல் சுடிதாரில் வேலைக்குப் போகிறவருக்கு இந்திய பிராண்டின் மல்லி-ஆம்பர். இரண்டு வாங்க முடிந்தால் தினத்துக்கு இந்திய பாட்டில், விசேஷத்துக்கு அத்தர். இந்த ஜோடி ஒரு பிரெஞ்சு பாட்டிலைவிடக் கூடுதல் நாள் உங்களுக்கு உதவும்.

வாங்கியதை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டி கொதிக்கும், ஒரே மாதத்தில் மேல்வாசம் செத்துவிடும். குளியலறை அலமாரியும் வேண்டாம். பீரோவின் அடித்தட்டில் அதன் அட்டைப்பெட்டியோடு வைத்தால் மூன்று நாலு வருடம் தாராளமாகத் தாங்கும். ஆம்பர் பாட்டில் போகப்போக நிறம் அடர்ந்து பழுப்பாவது வனிலாவால். அதற்காகக் கெட்டுவிட்டது என்று ஊற்றிவிட வேண்டாம். அடித்துப் பத்து நிமிடம் கழித்தும் புளித்த வாடையோ வார்னிஷ் வாடையோ வந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.